அறுவடை யந்திரத்துக்கு யூரியாக் கரைசல்

காவேரி டெல்டா ஜில்லாக்களில் சம்பா, தாளடிப் பயிர்கள் தை, மாசி மாதங்களில் ஒருசேர முற்றுகின்றன. அக்காலத்தில் வெளியூர்களிலிருந்து வாடகைக்கு வரும் பெல்ட் வண்டிகளையும் டயர் வண்டிகளையும் எதிர்பார்த்தே குடியானவர்கள் அறுவடைக்கு நாள் குறிக்கின்றனர். இவ்யந்திரங்களுள் அண்மையில் வாங்கப்பட்ட பெரியவற்றைக் கூர்ந்து நோக்குவோர், டீசல் தொட்டிக்கு அருகே நீலநிற மூடியுடன் வேறொரு சிறு தொட்டி இருப்பதைக் காண்பர். அதில் ஊற்றப்படுவது எண்ணெயன்று. நிறமற்று நீரைப் போலிருக்கும் ஒரு திரவம். டிரைவர்கள் இதனை ‘டெஃப்’ என்றும் ‘ஆட்புளூ’ என்றும் சொல்லுகின்றனர். ‘யூரியாத் தண்ணீர்’ என்று சொல்பவர்களும் உண்டு.

இம்மூன்றாம் பெயர் பொய்யன்று. ஆனால் பல தொல்லைகளுக்கு அதுவே மூலம். யூரியாவும் தண்ணீரும் சேர்ந்ததே இத்திரவம் என்றால், கொட்டகையில் அடுக்கியிருக்கும் மூட்டையில் ஒன்றை அவிழ்த்துக் கிணற்று நீரில் கரைத்து ஊற்றினால் என்ன என்று எண்ணுவது இயற்கையே. கணக்கும் அவ்வெண்ணத்துக்குத் துணை நிற்பதுபோல் தோன்றும். 45 கிலோ யூரியாவை உரிய அளவு நீரில் கரைத்தால் ஏறக்குறைய 127 லிட்டர் கரைசல் கிடைக்கும். 2018-ஆம் ஆண்டில் 45 கிலோ மூட்டைக்குச் சர்க்கார் குறித்த விலை, வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சுச் செலவும் நீங்கலாக, 242 ரூபாய். கடையில் அதே 127 லிட்டரை வாங்கப் பல ஆயிரம் ரூபாய் வேண்டும். இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் கண்டபின் ஆசை எழாதிருப்பது அரிது. அவ்வாசைக்கு இடங்கொடுப்பவர், அறுவடை மும்முரமாக நடக்கும் வாரத்திலேயே யந்திரம் வலுவிழந்து வயலில் நிற்கக் காண்பார். சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்ததற்காகப் பல்லாயிரம் ரூபாய் பெறும் உறுப்பை மாற்றவும் நேரும். ஏன் இவ்வாறு ஆகிறது என்பதை அறிந்துகொள்ள, இத்திரவம் இஞ்சினில் செய்யும் வேலையை முதலில் அறிய வேண்டும்.

புகையில் உள்ள கேடு

டீசல் இஞ்சினின் புகை என்றவுடன் யாவரும் கரும்புகையையே நினைக்கின்றனர். கண்ணுக்குத் தெரியாத வேறொரு கேடும் அதில் உண்டு. காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்; 21 பங்கு பிராணவாயு. சாதாரண உஷ்ணத்தில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று சேருவதில்லை. இஞ்சினின் உருளையில் காற்று மிகவும் அழுத்தப்பட்டு, அதில் டீசல் பீய்ச்சப்பட்டு எரியும்போது உண்டாகும் கடும் உஷ்ணத்தில் அவை சேர்ந்து நைட்ரஜன் ஆக்ஸைடுகள் என்னும் வாயுக்களாகின்றன. எனவே எத்துணைச் சுத்தமான டீசலை ஊற்றினாலும் இவ்வாயுக்கள் உண்டாகியே தீரும். இவற்றின் நைட்ரஜன் பெரும்பாலும் காற்றிலிருந்து வருவதேயன்றி டீசலிலிருந்து வருவதன்று.

இஞ்சினைச் சற்றுக் குளிர்ச்சியாக எரியும்படி அமைத்தால் இவ்வாயுக்கள் குறையும். ஆனால் அப்பொழுது டீசல் முற்றும் எரியாமல் கரி மிகும். டீசல் செலவும் கூடும். நன்றாகச் சூடேறி எரியும்படி அமைத்தால் கரி குறைந்து டீசலும் மிச்சமாகும். ஆனால் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் பெருகும். ஒருபுறம் அமுக்கினால் மறுபுறம் எழும் இச்சங்கடத்தில் இஞ்சின் செய்வோர் நெடுநாள் உழன்றனர். முடிவில் அவர்களுட் பலர் கைக்கொண்ட வழி யாதெனில், இஞ்சினைச் சூடாகவே எரியவிட்டு, வெளியேறும் புகையைக் குழலிலேயே சுத்திசெய்வதாகும். அதற்கே இத்திரவம்.

இவ்வாயுக்களால் சுவாசப்பைகளுக்கு உண்டாகும் தீங்கு ஒருபுறமிருக்க, பயிர்த்தொழிலுக்கும் இவற்றால் நஷ்டம் உண்டு. நைட்ரஜன் ஆக்ஸைடுகளும், எரியாத எண்ணெய் ஆவி போன்றவையும் வெயிலில் கூடும்போது தரைக்கு அருகே ஓசோன் என்னும் வாயு உண்டாகிறது. வானத்தில் மிக உயரத்தில் இருந்து வெயிலின் கொடுமையைத் தடுக்கும் அதே ஓசோன், தரையில் இலைத் துவாரங்களின் வழியே புகுந்து பச்சையத்தைக் கெடுக்கிறது. கோதுமை, சோயா மொச்சை முதலியவற்றின் மகசூல் இதனால் குறைகிறதென்று பல தேசங்களில் செய்த பரிசோதனைகளில் தெளிவாயிருக்கிறது. நெல்லும் இதற்கு முற்றும் தப்புவதில்லை. இதேயன்றி, வயலில் இட்ட உரத்திலிருந்தும் தொழுவத்திலிருந்தும் எழும் அமோனியாவும் இவ்வாயுக்களிலிருந்து பிறக்கும் நைட்ரிக் அமிலமும் கலந்து மிக நுண்ணிய தூசியாகிப் பனிக்காலத்தில் வானத்தை மூடுவதும் உண்டு.

குழலுக்குள் நடப்பது

யூரியாவைக் குடியானவர்களுக்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. ஈரமான நிலத்தில் யூரியாவைத் தூவி, மண்ணில் சேர்க்காமல் விட்டுவிட்டால், ஓரிரு நாட்களில் மூக்கைத் துளைக்கும் நெடி எழுவதைப் பலர் அறிவார்கள். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்கும் யூரியேஸ் என்னும் பொருள் யூரியாவை உடைத்து அமோனியாவாக்குவதால் எழும் நெடி அது. வயலில் தழைச்சத்து நஷ்டமாவதற்கு அறிகுறியான இவ்வமோனியாவே புகைக்குழலில் வேண்டப்படும் பொருளாகிறது. அங்கே யூரியாவை உடைப்பது நுண்ணுயிரன்று, உஷ்ணம்.

நீல மூடித் தொட்டியிலிருந்து ஒரு சிறு பம்பு திரவத்தை இழுத்து, மயிரிழை போன்ற துவாரங்களையுடைய ஊசிமுனை வழியாகச் சூடான புகைக்குழலுள் பனித்துளி போலப் பீய்ச்சுகிறது. புகை ஏறக்குறைய 200 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தை அடைந்த பின்னரே பீய்ச்சல் தொடங்கும். நீர் ஆவியாகிவிடுகிறது, யூரியா உடைந்து அமோனியாவாகவும் ஐஸோசயனிக் அமிலமாகவும் பிரிகிறது, அவ்வமிலம் நீராவியுடன் சேர்ந்து மற்றொரு பங்கு அமோனியாவையும் கரியமில வாயுவையும் தருகிறது. இவ்வமோனியா புகையோடு கலந்து, அடுத்துள்ள பெட்டியில் தேன்கூடு போல் ஆயிரக்கணக்கான சிறு கண்கள் கொண்ட ஒரு கட்டியின் ஊடே செல்கிறது. அக்கண்களின் சுவர்களில் செம்பு அல்லது இரும்பு ஏற்றிய ஜியோலைட்டோ, வனேடியமும் டைட்டானியமும் சேர்ந்த பூச்சோ இருக்கும். இப்பூச்சைக் கிரியா ஊக்கி என்பர். தான் செலவாகாமல், பிற பொருள்கள் சேருவதை விரைவுபடுத்துவதே இதன் தொழில். அங்கே அமோனியாவும் நைட்ரஜன் ஆக்ஸைடும் ஒன்றையொன்று அழித்து, தீங்கற்ற நைட்ரஜனாகவும் நீராவியாகவும் வெளியேறுகின்றன.

உர ஆலையில் அரும்பாடுபட்டு, பெரும் அழுத்தமும் உஷ்ணமும் கொடுத்துக் காற்றிலிருந்து பிடித்த நைட்ரஜன், இவ்விதம் மறுபடியும் காற்றுக்கே போய்ச் சேருகிறது. பயிருக்குப் போகவேண்டிய சத்து புகையில் போகிறதே என்று குடியானவர் ஒருவர் வருந்தினால் அதனைத் தவறென்று சொல்ல முடியாது. எனினும், இஞ்சினின் புகையை இவ்வளவு சுத்தமாக்க இதைக்காட்டிலும் எளிய வழி பெரிய இஞ்சின்களுக்கு இதுவரை பரவலாகக் கிடைக்கவில்லை.

யூரியாவை முதன்முதல் ரசாயன சாலையில் செய்தவர் ஜெர்மானிய ரசாயன சாஸ்திரி பிரீட்ரிக் வோலர், ஆண்டு 1828. அமோனியாவைக் கொண்டு நைட்ரஜன் ஆக்ஸைடுகளை நீக்கும் முறைக்கு அமெரிக்காவில் 1957-ல் உரிமைச் சாசனம் பெறப்பட்டது. 1970-களில் ஜப்பானியர் இதனை மின்சார நிலையங்களின் புகைபோக்கிகளில் பொருத்தினர். லாரிகளுக்கு வந்தது 2004-ஆம் ஆண்டை ஒட்டித்தான்.

எந்த யந்திரங்களுக்கு இது வேண்டும்

இந்தியாவில் 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் லாரி, பஸ் முதலியவற்றுக்குக் கடுமையான புகை விதிகள் வந்தன. 50 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கான நான்காம் கட்ட விதிகள், இரண்டு மூன்று முறை தள்ளிவைக்கப்பட்டபின், 2023-ஆம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி அமலுக்கு வந்தன. அதற்கு முன் செய்யப்பட்ட டிராக்டர்களை இவ்விதி தீண்டாது. 50-க்கும் சுமார் 75-க்கும் இடைப்பட்ட சக்தியுள்ளவை பெரும்பாலும் இத்திரவம் இன்றியே, டீசலைப் பீய்ச்சும் முறையைத் திருத்தியும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் இஞ்சினுக்குள் செலுத்தியும் விதிக்கு உட்படுகின்றன. ஆகவே நாட்டிலுள்ள டிராக்டர்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு நீல மூடித் தொட்டியே இல்லை. இல்லாத யந்திரத்தில் இதனை எங்கும் ஊற்ற வேண்டியதுமில்லை. டீசலில் கலந்தால் புகை குறையும் என்று சொல்வோர் பேச்சைக் கேட்பது இஞ்சினைக் கெடுத்துக்கொள்வதாகும்.

அதற்கும் மேற்பட்ட சக்தியுள்ள பெரிய டிராக்டர்களும் அறுவடை யந்திரங்களுமே இங்கே விஷயம். இவற்றில் ஒரு கிலோவாட் சக்தியை ஒரு மணி நேரம் தருவதற்குள் வெளியேறும் நைட்ரஜன் ஆக்ஸைடு 0.4 கிராமுக்கு மேற்படலாகாது. பழைய மூன்றாம் கட்ட விதியில் எரியாத எண்ணெய் ஆவியும் சேர்த்து ஏறக்குறைய 4 கிராம் வரை அனுமதி இருந்தது. பத்தில் ஒன்றாகக் குறைக்கும் இவ்வேலையில் பெரும்பகுதி இத்திரவத்தைச் சார்ந்தது.

செலவாகும் அளவு சொற்பமே. 100 லிட்டர் டீசலுக்கு 3 முதல் 5 லிட்டர் வரை போகும். நாளொன்றுக்கு 80 லிட்டர் டீசல் செலவிடும் யந்திரத்துக்கு, நூற்றுக்கு 4 வீதம் வைத்துக்கொண்டால், 3 லிட்டருக்குச் சற்று மேல் ஆகும். தொட்டி வற்றும்போது யந்திரம் முதலில் விளக்கெரித்து எச்சரிக்கும். கவனியாவிடில் தானே தன் வலுவைக் குறைத்துக்கொள்ளும். சேறு நிறைந்த வயலில் பாதி வலுவில் பெல்ட் வண்டி என்ன வேலை செய்யும் என்பதை அவ்வண்டியின் சொந்தக்காரர் நன்கறிவார். ஆகையால் ஒரு முழு டப்பாவைக் கையிருப்பில் வைத்துக்கொண்டே வெளியூர்ப் பயணம் புறப்படுவது நலம்.

மூட்டை யூரியா ஏன் உதவாது

இத்திரவத்தின் தரத்தை ஐ.எஸ்.ஓ. 22241 என்னும் சர்வதேசத் தரவிதி நிர்ணயிக்கிறது. எடையில் நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா. மிகுதி முழுவதும் உப்புகள் அறவே நீக்கப்பட்ட ஜலம். இவ்வளவு துல்லியமாக 32.5 என்று வைத்ததற்குக் காரணம் குளிர்நாடுகளில் இருக்கிறது. யூரியாக் கரைசல்களுள் மிகத் தாழ்ந்த உஷ்ணத்தில், அதாவது பூஜ்யத்துக்குக் கீழே 11 டிகிரியில், உறைவது இதுவே. அக்கவலை தஞ்சாவூருக்கு இல்லை. இங்கே கவலையெல்லாம் உப்பும் அழுக்கும் பற்றியது.

முதலாவது, தண்ணீர். மேற்படி தரவிதியின்படி ஒரு கிலோ கரைசலில் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் அரை மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது. மக்னீஸியம், சோடியம், பொட்டாஸியம், இரும்பு ஆகியவற்றுக்கும் அதே வரம்பு. செம்பு, துத்தநாகம் ஆகியவற்றுக்கு 0.2 மில்லிகிராம். இந்தியக் குடிநீர்த் தரம் ஒரு லிட்டரில் 75 மில்லிகிராம் கால்சியம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. அதாவது குடிப்பதற்கு மிக நல்லதென்று கருதப்படும் தண்ணீரிலேயே இவ்வரம்பைப்போல் 150 மடங்கு சுண்ணாம்பு இருக்கலாம். உப்புக் கரிக்கும் ஆழ்குழாய்க் கிணற்று நீரைப்பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. வீடுகளில் குடிப்பதற்காக யந்திரத்தில் வடிகட்டும் நீரும் இதற்குப் போதாது. நீர் ஆவியாகும், அதிலிருந்த உப்பு ஆவியாகாது. ஒவ்வொரு லிட்டரிலும் எஞ்சும் உப்பு ஊசிமுனையின் துவாரங்களிலும் தேன்கூட்டின் கண்களிலும் படிந்துகொண்டே போகும். வெந்நீர் அண்டாவின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். சோடியமும் பொட்டாஸியமும் கிரியா ஊக்கியின் மேல் ஏறினால், அமோனியா வந்து தங்கவேண்டிய இடங்களைத் தாம் பிடித்துக்கொண்டு, அதனை மெல்ல மெல்லச் செயலற்றதாக்குகின்றன. வயலில் களர் உப்பு ஏறுவதைப் போன்றதே இதுவும். ஆனால் வயலுக்கு ஜிப்ஸம் இட்டு நீர் பாய்ச்சிச் சீர்திருத்த வழியுண்டு, வெந்து கெட்ட ஊக்கியை வயலில் வைத்துத் திருத்த வழியில்லை.

இரண்டாவது, யூரியா. உரக் கட்டுப்பாட்டு உத்தரவின்படி பயிருக்கிடும் யூரியாவில் பையூரெட் என்னும் பொருள் நூற்றுக்கு 1.5 பங்கு வரை இருக்கலாம். யூரியாவைச் செய்யும்போது சூடு மிகுந்தால் அதன் அணுத்திரள்கள் இரண்டிரண்டாக ஒட்டி இப்பொருளாகின்றன. அவ்வளவு பையூரெட் உள்ள யூரியாவை 32.5 பங்கு கரைத்தால் கரைசலில் அது 0.49 பங்காகிறது, தரவிதி அனுமதிப்பதோ 0.3. எல்லா மூட்டையிலும் உச்ச அளவு பையூரெட் இருக்குமென்பதன்று. எந்த மூட்டையில் எவ்வளவு என்பதைக் கொட்டகையில் நின்று அறிய முடியாது என்பதே விஷயம். பையூரெட் எளிதில் உடையாமல் குழலின் சுவரில் வெள்ளைக் கல்லைப்போல் இறுகும்.

மூன்றாவது, வேப்பெண்ணெய். 2015-ஆம் ஆண்டு முதல் உள்நாட்டில் பயிருக்கென்று செய்யப்படும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசப்படுகிறது. இது மண்ணில் யூரியாவின் சத்து விரைந்து வீணாகாதபடி தடுப்பதற்கு. அதனோடு, மானிய யூரியா ஆலைகளுக்குக் கடத்தப்படுவதைத் தடுப்பதற்கும். அவ்வெண்ணெய் கரைசலின்மேல் ஆடையாக மிதந்து வடிகட்டியை அடைக்கும். துணியில் வடித்துவிட்டால் தெளிந்துவிடும் என்பர். கண்ணுக்குத் தெளிவது வேறு, ஊசிமுனைக்குத் தெளிவது வேறு. இவை தவிர, குருணை கட்டி தட்டாதிருக்க ஆலைகளில் சேர்க்கும் சரக்குகளும் உண்டு.

கடைகளில் விற்கும் திரவம், மானியமில்லாத, பூச்சில்லாத தொழில்தர யூரியாவிலிருந்து செய்யப்படுவது. விலை மிகுவதற்குக் காரணம் அதுவே.

சட்டத்தின் வார்த்தையும் இங்கே உண்டு. 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு உத்தரவின் 25-வது பிரிவு, உரத்தை நிலத்துக்கும் பயிருக்கும் அன்றி வேறெதற்கும் விற்பதையோ உபயோகிப்பதையோ தடுக்கிறது. மீறுவது 1955-ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தின்படி குற்றம். மூன்று மாதம் முதல் ஏழு ஆண்டு வரை சிறைவாசம் விதிக்கலாம். நடவு முடிந்து மேலுரம் இடும் தருணத்தில் சொஸைட்டியின் வாசலில் வரிசையில் நின்று, ஒரு மூட்டை கிடைக்குமோ கிடைக்காதோ என்று தவிக்கும் குடியானவருக்கு இச்சட்டம் ஏன் வந்ததென்று எவரும் விளக்க வேண்டியதில்லை. அவர் பெயருக்கு வரும் மானியத்தைப் பிறர் புகையில் விடலாகாது.

உரமும் இத்திரவமும் ஒரே களஞ்சியத்திலிருந்து எடுக்கப்படுபவை என்பது 2021-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தென் கொரியாவில் உலகறிய விளங்கிற்று. சீன தேசத்தில் நிலக்கரி தட்டுப்பட்டு யூரியா உற்பத்தி குறைந்தபோது, அவ்வரசாங்கம் தன் விவசாயிகளுக்குக் குறைவு வராதிருக்க அக்டோபர் மாதத்தில் உர ஏற்றுமதியை இறுக்கியது. கொரியா தன் தொழில்களுக்கு வேண்டிய யூரியாவில் நூற்றுக்கு 97 பங்கைச் சீனாவிலிருந்தே வாங்கிவந்தது. சில வாரங்களில் ஏறக்குறைய 20 லக்ஷம் டீசல் வண்டிகள் திரவமின்றி நின்றுவிடும் என்ற நிலை நேர்ந்தது. நவம்பரில் அந்நாட்டு விமானப்படையின் விமானம் ஆஸ்திரேலியாவுக்குப் பறந்து 27,000 லிட்டர் யூரியாக் கரைசலைக் கொண்டுவந்தது. ஒரு தேசம் முழுவதற்கும் அது வாய் நனைக்கவும் போதாதெனினும், விமானத்தில் ஏற்றிக் கொண்டுவரும் அளவுக்கு இச்சரக்கு அரிதாயிற்றென்பதை நினைவில் வைக்க வேண்டும்.

வாங்குவதும் வைப்பதும்

இத்திரவம் வெயிலுக்குப் பகை. 25 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் வைத்தால் 18 மாதம் கெடாது; 30 டிகிரியில் ஓராண்டு; 35 டிகிரியில் ஆறு மாதமே. அதற்கும் மேற்பட்ட உஷ்ணத்தில் ஒவ்வொரு முறையும் பரிசோதித்த பிறகே உபயோகிக்க வேண்டும் என்பது தரவிதி. சித்திரை, வைகாசி மாதங்களில் தகரக் கொட்டகையின் உள்ளே எவ்வளவு சூடு என்பதை எண்ணிப் பார்க்கலாம். சம்பா அறுவடைக்கு வாங்கி மிஞ்சிய டப்பாவைத் தகரக் கூரையின்கீழ்ப் போட்டு வைத்து, புரட்டாசியில் குறுவை அறுவடைக்கு எடுத்து ஊற்றுவது நல்லதன்று. ஓட்டு வீட்டின் நடையிலோ, நெல் வைக்கும் அறையின் மூலையிலோ, வெயில் படாமல் மூடி வைக்கலாம். வாங்கும்போது டப்பாவின்மேல் செய்த தேதியும் தரவிதி எண்ணும் இருக்கின்றனவா, முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

செம்பு, பித்தளை, துத்தநாகம் பூசிய வாளி, அலுமினியக் குண்டான், தகர டப்பா இவற்றில் இதனை ஊற்றலாகாது. திரவம் அவற்றை அரிக்கும். அரித்த உலோகம் திரவத்தில் கரைந்து ஊக்கியைச் சேரும். எவர்சில்வர் பாத்திரமும், இதற்கென்றே ஒதுக்கிய சுத்தமான பிளாஸ்டிக் கேனும் தகும். டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றிய புனல் எத்தனை முறை கழுவினாலும் இதற்கு உதவாது. அறுவடைக் களத்தில் பதரும் தூசியும் பறக்கும்போது மூடியைத் திறப்பதைக்காட்டிலும், காலையில் யந்திரத்தைக் கிளப்புமுன் தொட்டியைச் சுற்றித் துடைத்துவிட்டு ஊற்றுவது மேல்.

டிரைவர்கள் அறியவேண்டியது மற்றொன்று. இஞ்சினை நிறுத்திய பின்னும் ஓரிரு நிமிஷம் பம்பு ஓடும் சப்தம் பல யந்திரங்களில் கேட்கும். குழாயிலும் ஊசிமுனையிலும் மிஞ்சிய திரவத்தை அது தொட்டிக்குத் திரும்ப இழுக்கிறது. அச்சப்தம் அடங்குமுன் பாட்டரி இணைப்பைத் துண்டித்தால், மிஞ்சிய திரவம் சூட்டில் வறண்டு யூரியா உப்பாக இறுகி, மறுநாள் ஊசிமுனை அடைபட்டிருக்கும். அவ்வாறே, வேலையின்றி வெகுநேரம் இஞ்சினை மெதுவாக ஓடவிடுவதும் நன்றன்று. புகை போதிய சூடேறாமையால் யூரியா முழுதும் உடையாமல் குழலில் படியும். களத்துமேட்டில் நெல்லைக் கொட்ட டிராக்டர் வரும்வரை அரைமணி நேரம் இஞ்சினை உறுமவிட்டுக் காத்திருக்கும் வழக்கம் டீசலுக்கும் கேடு, குழலுக்கும் கேடு.

தவறி டீசல் தொட்டியில் இத்திரவம் விழுந்துவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. இது டீசலைவிடக் கனமானது. அடியில் தங்கிச் சாவியைத் திருப்பியவுடன் முதலில் பம்புக்குச் செல்வது இதுவேயாகும். தொட்டியை முழுதும் வடித்துக் கழுவ மெக்கானிக்கை அழைப்பதே வழி. நீலத் தொட்டியில் டீசல் விழுந்தாலும் அவ்வாறே.

சில பட்டறைகளில் சிறு மின்சாரக் கருவி ஒன்றைப் பொருத்தி, திரவம் பீய்ச்சப்படுவதாக யந்திரத்தை நம்பவைத்துவிடுகிறார்கள். அதன்பின் திரவச் செலவு இல்லை. புகை பழைய விதியின் யந்திரங்களைக்காட்டிலும் மோசமாகலாம். ஏனெனில் இவ்விஞ்சின் சூடாக எரியும்படியே அமைக்கப்பட்டது. அந்தப் புகையில் நாள் முழுவதும் நிற்பவர்கள் டிரைவரும், வண்டிக்குப் பின்னே வைக்கோல் ஒதுக்குவோரும், வரப்பில் நிற்கும் வயற்காரருமே.

திரவத்தின் தரத்தைச் சோதிக்கக் கரும்புச் சாற்றின் இனிப்பை அளக்கும் கைக்கருவி போன்ற ஒன்று கடைகளில் கிடைக்கிறது. ஒரு துளி விட்டு ஒளியில் பார்த்தால் யூரியா நூற்றுக்கு 32.5 பங்கு உள்ளதா என்று அது காட்டும். தண்ணீர் கலந்து விற்கும் மோசடி இதில் அகப்படும். ஆயினும் இதனை முற்றும் நம்புவதற்கில்லை. மூட்டை யூரியாவைக் கிணற்று நீரில் சரியான விகிதத்தில் கரைத்தாலும் கருவி ஏறக்குறைய அதே எண்ணைத்தான் காட்டும். அளவைக் காட்டுமேயன்றி அழுக்கைக் காட்டாது. திறந்தவுடன் கடும் அமோனியா நெடி அடிப்பதும், கலங்கலும், மேலே எண்ணெய் மினுக்கும், அடியில் வண்டலும் கெட்ட சரக்கின் அடையாளங்கள்.

காலம் கடந்த திரவத்தை என்ன செய்வதென்று கேட்போர் உண்டு. மூட்டையிலுள்ளது தொட்டிக்குப் போகலாகாதெனினும், தொட்டிக்கு உதவாதது பயிருக்குப் போகலாம். யந்திரத் தொட்டியிலிருந்து வடித்ததாகவோ, டீசலும் எண்ணெயும் கலந்ததாகவோ இருத்தல் கூடாது, அவ்வளவே. 20 லிட்டர் டப்பா ஒன்றில் ஏறக்குறைய 7 கிலோ யூரியா இருக்கிறது. அதனை நீர் சேர்த்து 350 லிட்டராக்கினால் நூற்றுக்கு 2 பங்கு யூரியாவுள்ள தெளிப்புக் கரைசலாகும். எலுமிச்சை, சாத்துக்குடி இனங்களின் இலைகள் பையூரெட்டைத் தாங்காமல் மஞ்சளித்துக் கருகுபவை. பையூரெட் குறைந்த இத்திரவம் அவற்றுக்கு மூட்டை யூரியாவைக்காட்டிலும் பொருத்தமானது; எனினும் அவற்றுக்கு மேற்சொன்னதில் பாதி பலத்துக்கு, அதாவது 700 லிட்டராக, நீர் விளாவி, வெயில் தாழ்ந்தபின், முதலில் ஒரு கிளையில் தெளித்து இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டுப் பின்னர் மரம் முழுவதற்கும் தெளிக்கலாம். காலி டப்பாவைக் குடிநீருக்கு எடுத்துக்கொள்ளாமல் அடுத்த முறை திரவம் ஊற்றுவதற்கே வைத்துக்கொள்வதானால், பாட்டரிக்கு ஊற்றும் வாலை ஜலத்தால் அலசிக் கவிழ்த்து உலர்த்தி மூட வேண்டும்.